பைக்கு ஒன்று, சட்டைப் பாக்கெட்டுக்கு ஒன்று

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், "பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் சின்னதாக இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி7200 கேமரா, கூடவே 18-140 எம்.எம். ஜூம் லென்ஸ் இருக்கின்றன. பெரம்பூரிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றோடும் கேமராவையும் தூக்க முடியவில்லை. பீரோவில் தூங்குகிறது. விற்றுவிட்டு, பாக்கெட்டில் அடங்கும் நல்ல காம்பாக்ட் கேமரா ஒன்று வாங்கிவிடட்டுமா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: விற்காதீர்கள். விற்றாலும் கைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. நிக்கான் கடைசியாகக் கொண்டுவந்த டி.எஸ்.எல்.ஆர். (உங்களுடையது மாதிரி, உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) டி6, அது வந்தது 2020-இல். அதற்குப் பிறகு ஊரே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய பாடிகளை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராக்களை, கேட்பார் குறைவு. ஆனால் டி7200 எடுக்கும் படம் ஒன்றும் கிழடாகிவிடவில்லை.

எடை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். பேட்டரி, கார்டோடு அந்த பாடி 765 கிராம். லென்ஸ் 490 கிராம். ஆக ஒன்றேகால் கிலோ. தினமும் இரண்டு முற்றின தேங்காயைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவதற்குச் சமம். இருபத்திரண்டு வருடம் கல்யாண மண்டபங்களில் இரண்டு பாடியைக் கழுத்தில் தொங்கவிட்டு வேலை பார்த்தவன் நான். இந்தப் பதிலைக் கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காம்பாக்ட் வாங்குங்கள். ஆனால் பெரும்பாலோர் சறுக்கும் இடம் அங்கேதான். பெரியது செய்கிற வேலையையெல்லாம் செய்யக்கூடிய சின்னதாகப் பார்த்துத் தேடுவார்கள். உங்கள் 18-140, ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 எம்.எம். ஃபிலிம் அளவு) கணக்கில் ஏறக்குறைய 27-210. சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசையின் மூன்றாவது மாடலை எடுத்துக்கொண்டால் அது 24-70. அகலத்தில் கொஞ்சம் கூடுதல், மற்றபடி நீங்கள் ஏற்கெனவே வைத்திருப்பதில் ஒரு துண்டு. இரண்டும் ஒரே வேலையைச் செய்தால் மூன்றாம் மாதம் ஒன்று பீரோவுக்குப் போய்விடும். எது போகும் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டாம்.

நான் தூரத்தை வைத்துப் பாகம் பிரித்துவிட்டேன். கையெட்டும் தூரத்தில் நடப்பது சின்ன கேமராவுக்கு. எட்ட இருப்பதும், ஆற அமர எடுக்க வேண்டியதும் பெரியதுக்கு. சின்னது ரிக்கோ ஜி.ஆர். 3. 2019-இல் வந்தது, பேட்டரியோடு 257 கிராம். ஜூம் கிடையாது, 28 எம்.எம். கோணம் மட்டும். ஆனால் உள்ளே படத்தைப் பதியும் சென்சார், உங்கள் டி7200-இல் இருக்கும் அதே ஏ.பி.எஸ்.சி. அளவு (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னது). அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, ஃப்ளாஷ் இல்லை, ஒரு பேட்டரிக்குச் சுமார் 200 படம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்கு அதன் திரையில் என் முகம்தான் தெரியும்.

எனக்கு இந்தப் பாகப்பிரிவினை புரிந்தது மயிலாப்பூரில், பங்குனித் திருவிழாவின் அறுபத்துமூவர் அன்று. தெற்கு மாட வீதியில் உறவுக்காரர் வீட்டு மொட்டை மாடியில் என் பெரிய நிக்கான் டி750, 70-200 லென்ஸோடு நின்று பல்லக்குகளை எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல படங்கள்தான். ஆனால் போன வருடமும் அதே மாடியிலிருந்து அதே படங்கள்தான். அலுத்துப்போய் பெரியதை மாடியிலேயே வைத்துவிட்டு, சின்னதோடு கீழே இறங்கினேன். நீர்மோர்ப் பந்தலில் ஒரு பாட்டி டம்ளரை நீட்டிக்கொண்டே, "என்ன தம்பி, போனா அது?" என்றார். "இல்ல பாட்டி, கேமரா." "இத்துனூண்டா!" என்று சொல்லிச் சிரித்தார் பாருங்கள், மோர் பாதி என் கையில் கொட்டியது. அதுதான் அன்றைய படம். பெரியதைத் தூக்கியிருந்தால் முந்தானையைச் சரி செய்துகொண்டு ரேஷன் கார்டுக்கு நிற்பது மாதிரி நின்றிருப்பார். கேமரா சின்னது என்பதற்காக ஒளித்து எடுக்கவில்லை, அவர் பார்க்கத்தான் எடுத்தேன். எடுத்த பிறகு காட்டினேன். "பல்லே இல்லையே" என்றார்.

அந்த நெரிசலில் ஃபோகஸ் தேட நேரம் ஏது? ஜி.ஆரில் ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒன்று உண்டு. தூரத்தை 2 மீட்டர் என்று முன்னாடியே பூட்டிவிட்டு அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரம், எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) எஃப் 8-இல் வைத்தால், சுமார் ஒரு மீட்டரில் தொடங்கிப் பத்து மீட்டருக்கு அப்பாலும் தெளிவாக விழும். வெளிச்சத்துக்கு ஏற்ற உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டுவிடுவேன். மிச்சம் இருப்பது பட்டனை அழுத்துவது மட்டும். உங்கள் ரயில் பெட்டியில், எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டு வரும் அம்மாவிடம் அனுமதி கேட்டு எடுக்க இது போதும்.

பெரியதிலிருந்து அந்த 18-140-ஐக் கழற்றுங்கள். பழைய 50 எம்.எம். எஃப் 1.8 டி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். எடை 155 கிராம்தான். சில சின்ன நிக்கான் பாடிகளில் அது தானாக ஃபோகஸ் ஆகாது. டி7200-க்குள்ளேயே மோட்டார் இருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆள் முகம் எடுக்க அருமையான லென்ஸ். பறவை ஆசை இருந்தால் ஒரு 70-300 லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பள்ளிக்கரணைப் பக்கம் போய்ப் பாருங்கள். பூநாரை இறக்கை விரிக்கும்போது வியூஃபைண்டர் கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கிற சுகத்தை எந்தக் காம்பாக்ட் திரையும் தராது.

கேள்வி: இரண்டு கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாகப் போட்டால் வரிசை குழம்புகிறது, நிறமும் வேறு வேறாக இருக்கிறது. என்ன செய்வது?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: முதல் பாதிக்கு என் மானம் போன கதையே பதில். அக்கா மகன் கல்யாணம். தொழிலாக இல்லை, மாமாவாகப் போனேன். இரண்டு கேமராவிலும் எடுத்தேன். சின்னதில் கடிகாரத்தை வைக்கும்போது காலை, மாலையை மாற்றி வைத்துவிட்டேன். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பி எல்லாவற்றையும் நேரப்படி அடுக்கினால், காலை ஏழு மணிக்குக் கட்டிய தாலி முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. கோட்டு போட்டு ஒரு படம், தாலி கட்டி ஒரு படம், மறுபடி கோட்டு. பார்க்காமல் அப்படியே குடும்ப குரூப்பில் வேறு அனுப்பிவிட்டேன். "மாமா, எனக்கு ரெண்டு கல்யாணமா?" என்று இன்றைக்கும் கேட்கிறான்.

அதிலிருந்து ஒரு பழக்கம். வெளியே கிளம்பும் முன் கைபேசியில் வினாடி முள்ளோடு கடிகாரத்தைத் திறந்துவைத்து, இரண்டு கேமராவிலும் அதை ஒரு படம் எடுத்துவிடுவேன். எது எவ்வளவு பிசகியிருக்கிறது என்று அந்த இரண்டு படமே சொல்லிவிடும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் ஒரு கேமராவின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நேரத்தை நகர்த்திக்கொள்ளலாம்.

நிறத்துக்கு, இரண்டிலும் கேமரா கைவைக்காத ரா ஃபைலாக எடுங்கள். ஜேபெக் என்றால் ஒவ்வொரு கம்பெனியும் தன் மசாலாவைப் போட்டுத்தான் பரிமாறும். ஒருவர் சாம்பாரும் இன்னொருவர் சாம்பாரும் ஒன்றாகாது. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் இரண்டிலும் ஒரே நிலையில் வையுங்கள். மண்டபத்துக்குள் இருந்தால் சாம்பல் நிற அட்டையை இரண்டிலும் ஒரு முறை எடுத்துக்கொண்டு, பிறகு அதை வைத்துச் சரி செய்யலாம். அட்டை இல்லையே என்று மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் கிளிக் செய்யாதீர்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வெள்ளையே கிடையாது. அதை வெள்ளை என்று நம்பினால் மாப்பிள்ளை முகம் மஞ்சக்காமாலை வந்தது போல் ஆகிவிடும்.

கேள்வி: என் காம்பாக்டிலும் எஃப் 1.8 என்று போட்டிருக்கிறது. டி.எஸ்.எல்.ஆரில் 1.8-க்குக் கரைவது போலப் பின்னணி கரையவில்லையே, ஏமாற்றுகிறார்களா?
(கல்லூரி மாணவர், தாம்பரம்)

பதில்: ஏமாற்றவில்லை தம்பி. வெளிச்சக் கணக்கில் 1.8 என்றால் எங்கேயும் 1.8தான், ஷட்டர் வேகம் அதன்படியே வரும். பின்னணி கரைவது சென்சார் அளவையும் பிடித்துக்கொண்டு போகிறது. "ஒரு இன்ச் சென்சார்" என்கிறார்களே, அதன் நிஜ அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பெயரில்தான் இன்ச். நிக்கானின் ஏ.பி.எஸ்.சி. சென்சார் 23.5-க்கு 15.6. அந்த இன்ச் சென்சார் பரப்பில் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே கோணத்துக்குச் சின்ன சென்சாரில் லென்ஸின் குவிய நீளமும் (அந்த எம்.எம். கணக்கு) குறைந்துவிடும். அதனால் உங்கள் 1.8, பின்னணி விஷயத்தில் அந்த நிக்கானில் 3.2 வைத்தது போலத்தான் நடந்துகொள்ளும். கரைய வேண்டுமா? ஆளை இன்னும் கிட்டே கூப்பிடுங்கள், பின்னால் இருக்கும் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். அதுவும் போதாதென்றால் பெரியதை எடுக்க வேண்டியதுதான். அதற்குத்தானே அதை விற்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி: ஒரே கேமராவோடு வாழ்வதுதான் கலைஞனுக்கு அழகு. நீங்கள் பொருள் சேர்க்கும் ஆசைக்குத் தூபம் போடுகிறீர்கள்.
(வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: இது கேள்வி இல்லை, இருந்தாலும் என் வீட்டிலும் இதே குற்றச்சாட்டு இருப்பதால் பதில் சொல்கிறேன். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படமெடுத்த, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், ஆளுயரத் தாங்கியில் நிற்கும் பெரிய கேமராவில் காகித நெகட்டிவ் எடுத்தார். அதே பயணத்தில், ஆழம் தெரியும்படி ஜோடிப் படம் எடுக்கும் ஸ்டீரியோ கேமராவிலும் அந்த ஊர்களையே எடுத்தார். அவரையும் ஆசைக்காரர் என்று சொல்வீர்களானால் எனக்கு அந்தப் பட்டியலில் இருப்பதில் ஆட்சேபம் இல்லை.

கேள்வி: பெசன்ட் நகரில் கடலை ஒட்டி வீடு. காம்பாக்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரியலாமா? பூஞ்சை பிடிக்குமா?
(வாசகி, பெசன்ட் நகர்)

பதில்: பிடிக்கும். நம் ஊர் ஈரத்துக்குப் பெரியது, சின்னது என்ற பேதம் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால், டி.எஸ்.எல்.ஆர். லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுக்கலாம். காம்பாக்டின் லென்ஸ் உடம்போடு ஒட்டியது, முழுதாகப் பிரிக்க வேண்டும். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் மூடி வைப்பதுதான் மோசம். மூடி இறுகலான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்கு எடுத்துப் போனால் கண்ணாடி முழுக்க வியர்க்கும். ஜிப் வைத்த கவரில் மூடி எடுத்துப்போய், இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சட்டைப் பையைப் பொறுத்தவரை, கேமராவோடு வேறு எதையும் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். முன்பு வேறொரு காம்பாக்ட் வைத்திருந்தேன். கபாலீஸ்வரர் கோயிலில் கொடுத்த விபூதியைப் பேப்பரில் மடித்து அதே பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மடிப்பு பிரிந்துவிட்டது. லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று ஒரு சத்தம், பாதியில் நின்றது, உள்ளேயும் போகவில்லை. ரிப்பேர் செய்பவர் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், கேமராவுக்கும் பட்டை போட்டிருக்கீங்க?" என்றார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். விபூதியை இப்போது பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறேன்.