வேலூரில் இருந்துகொண்டே ஆல்ப்ஸ் மலைச் சாலைகளுக்குத் தயாராக முடியுமா?

கேள்வி: சத்துவாச்சாரியில் இருக்கிறேன். சமவெளியில்தான் சைக்கிள் ஓட்டிப் பழக்கம். அடுத்த வருஷம் இத்தாலி போகும்போது ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் ஓட்ட ஆசை. இங்கிருந்தே தயாராக முடியுமா? எந்தப் பாதையில் தொடங்கலாம்?

முடியும். நான் ஆம்பூர்க்காரன், அங்கே போய் ஓட்டிவிட்டு வந்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், ஊட்டியில் ரெண்டு மாசம் தங்கிப் பழகாமல் போகாதீர்கள், சமவெளிக்காரர்களுக்கு ஆல்ப்ஸ் ஒத்துவராது என்று பதில் போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நம்மில் எத்தனை பேரால் வேலையை விட்டுவிட்டு ஊட்டியில் ரெண்டு மாசம் ரூம் போட்டுத் தங்க முடியும்? இப்படிப்பட்ட பதிலைப் படித்தே ஆசையை மூட்டை கட்டி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

நீங்கள் கிளப், கோச் எல்லாம் இல்லாமல், விடியற்காலையில் பைபாஸில் பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புகிற ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான். ஷூ கம்பெனியில் வேலை. செப்டம்பரில் மிலானில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு அனுப்பினார்கள், வேலை முடிந்ததும் லீவு சொல்லிவிட்டு திரானோ வரை ரயில், அங்கிருந்து பஸ் பிடித்து போர்மியோ போய்விட்டேன். 1,225 மீட்டர் உயரத்தில் இருக்கிற சின்ன ஊர். வாடகைக்கு நல்ல ரோடு பைக் அங்கேயே கிடைக்கும், வண்டியைப் பெட்டியில் கட்டி விமானத்தில் ஏற்றுகிற தலைவலி இல்லை. நீங்களும் போர்மியோவிலேயே தங்குங்கள், அதைச் சுற்றித்தான் பாதைகள் எல்லாம்.

போர்மியோவுக்கு மேலே இருக்கிற பெரிய கணவாய் ஸ்டெல்வியோ, முதல் நாளே அதற்குக் கிளம்பாதீர்கள். கங்கானோ ஏரிகளுக்குப் போகிற சாலையில் ஏறுங்கள். வளைந்து வளைந்து 1,900 மீட்டர் சுமாருக்குப் போகும், உச்சியில் ரெண்டு பழைய காவல் கோபுரங்கள் நிற்கும், அதைத் தாண்டினால் ஏரிக்கரை. கால் எப்படி இருக்கிறது, மூச்சு எப்படி வாங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்த நாள் ஸ்டெல்வியோ. உச்சி 2,757 மீட்டர், 1820களில் ஆஸ்திரியப் பேரரசு போட்ட சாலை. படங்களில் பார்க்கிற 48 கொண்டை ஊசி வளைவுகள் வடக்கே பிராத்தோ பக்கம் இருப்பவை. 24 கிலோமீட்டர், 1,800 மீட்டர் ஏற்றம். போர்மியோ பக்கம் இருபத்தொன்றரை கிலோமீட்டர், ஏற்றம் 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, சராசரி ஏழு சதவீதம். முதல் தடவைக்கு இதுதான் சரி. கீழ்ப்பாதியில் பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வரும், உள்ளே இருட்டும் ஈரமுமாக இருக்கும், லைட் இல்லாமல் போகவே கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏலகிரி இருக்கிறதே, போதாதா? பொன்னேரியில் இருந்து 14 வளைவுகள், 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்கினால் ஸ்டெல்வியோவின் மொத்த ஏற்றமும் காலுக்கு வந்துவிடும். (ஏலகிரி வேலூர் மாவட்டமே இல்லை, திருப்பத்தூர் என்று யாராவது சொல்ல வருவீர்கள். 2019ல் பிரித்தார்கள், தெரியும். நாங்கள் பிறந்தது வடாற்காட்டில்.) ஏலகிரியில் குறை என்னவென்றால், மூச்சு ஒரு சீருக்கு வருவதற்குள் ஏற்றம் முடிந்து இறக்கம் வந்துவிடும். ஸ்டெல்வியோவில் அது கிடையாது, ரெண்டரை மணி நேரம் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒடுகத்தூர், ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறி, காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் வரை போய்ப் பழகுங்கள். வேகம் வேண்டாம். வாய்விட்டுப் பேச முடிகிற அளவுக்கு மிதித்து, காலைத் தரையில் ஊன்றாமல் போக வேண்டும். நான் அப்படித்தான் பழகினேன், போர்மியோவில் அதுதான் கைகொடுத்தது.

உயரத்தைப் பற்றியும் பயமுறுத்துவார்கள். 2,757 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கடைசி நாலைந்து கிலோமீட்டரில் அது தெரியத்தான் செய்யும். ஒரு கியர் இறக்கிக்கொண்டு மெதுவாகப் போனால் போய்விடலாம். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் டாக்டர் இல்லை.

நம்ம ஊரில் பழகவே முடியாதது குளிர் ஒன்றுதான். ஏறும்போது வேர்வை சொட்டுகிறது, உச்சியில் ஐந்து டிகிரி, அதே ஈர பனியனோடு மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இருபது கிலோமீட்டர் இறங்க வேண்டும். வாடகைக் கடைக்காரர் சொன்னபடி பழைய செய்தித்தாளை மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு செருகி, மேலே காற்று புகாத ஜாக்கெட், முழு விரல் கையுறை எல்லாம் போட்டும், நாலாவது வளைவுக்குள் விரல் மரத்துவிட்டது. பிரேக் லீவரை ரெண்டு விரலால் பிடிக்கிறவன் நாலு விரலும் போட்டு இழுத்தேன், தாடை தந்தி அடித்தது. அங்கங்கே நிறுத்தி கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் இறங்கினேன். 1988ல் ஜீரோ டி இத்தாலியா என்கிற இத்தாலியின் பெரிய சைக்கிள் போட்டியில் பக்கத்துக் காவியா கணவாயில் வீரர்கள் கொட்டும் பனியில் மாட்டிக்கொண்டார்கள். ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்கிற வீரரின் அணி அன்று காலையே பனிச்சறுக்குக் கடைகளில் கம்பளி உடுப்பு வாங்கி வைத்திருந்தது. அந்தப் போட்டியை ஜெயித்த முதல் அமெரிக்கர் அவர்தான். உடுப்பு அவ்வளவு முக்கியம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. நான் ஊர் திரும்பியதும் ஒரு கல்யாணத்தில் எங்கள் பெரியப்பா நாலு பேர் முன்னால், "இன்னாடா, ஃபாரின் போயும் சைக்கிள்தானா? வண்டி வாங்க துட்டு இல்லியா?" என்றார். எங்க அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தோல் ஷாப்புக்கு சைக்கிளில் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போன மாதம் வேலூரில் ஒரு பெரிய துணிக்கடையில் பார்க்கிங் ஆள், "சைக்கிளுக்கு டோக்கன் கிடையாது, ரோட்ல வுட்டுட்டு வா" என்றார். முன்னால் நின்ற புல்லட்டுக்கு ஓடிப்போய் இடம் காட்டினார். போர்மியோவில் நான் தங்கிய சின்ன ஓட்டலில் சைக்கிள் நிறுத்தத் தனி அறை, கழுவத் தண்ணீர்க் குழாய் எல்லாம் வைத்திருந்தார்கள். வெளிநாட்டைத் தூக்கிப் பேசுகிறேன் என்று யாராவது வருவீர்கள், பரவாயில்லை. சைக்கிளில் வருகிறவனையும் மனுஷனாக நடத்த பெரிய செலவு ஆகாது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். ஜூன் பாதியில் இருந்து செப்டம்பர் வரை போகலாம், குளிர்காலத்தில் கணவாயை மூடிவிடுவார்கள். சனி ஞாயிறு மோட்டார் பைக் கூட்டம் தாங்காது, வார நாளில் காலை எட்டு மணிக்குள் ஏற ஆரம்பியுங்கள், கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும். வானம் தெளிவாக இருந்தால் மூன்றாம் நாள் சாந்தா கத்தரினா வழியாகக் காவியா, அதுவும் 2,600 மீட்டருக்கு மேல், சாலை குறுகல். மோர்த்திரோலோ என்கிற இன்னொரு கணவாய்ப் பக்கம் மட்டும் முதல் பயணத்தில் போக வேண்டாம். பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சராசரியே பத்து சதவீதத்துக்கு மேல், காலில் மிச்சம் ஒன்றும் இருக்காது. வண்டி வாடகைக்கு எடுக்கும்போது முன்னால் சின்ன கியர்ச் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் குறைந்தது 32 பல், டிஸ்க் பிரேக் என்று முன்கூட்டியே மெயிலில் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.