கேட்டதும் சொன்னதும்: பால் ஒப்பந்தமும் சங்க ஆலோசகரும்

கேள்வி: இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் நூற்றைம்பது மாடுகள் கறவையில் இருக்கும் பண்ணை ஒன்றில் கணக்குப் பார்த்து வருகிறேன். செப்டம்பரில் டெல்ஃபோர்டில் நடக்கும் பால் தொழில் கண்காட்சிக்கு முதலாளி என்னையும் அழைத்துச் செல்கிறார். அங்கே விவசாயிகள் சங்க ஆலோசகர்களைச் சந்தித்துப் பால் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறார். என்ன கேட்பது, எதைக் கொண்டு போவது? - வாசகி, ஷ்ரூஸ்பரி

பதில்: பால் ஒப்பந்தத்தையும் கடைசி மூன்று மாதப் பால் கணக்குச் சீட்டுகளையும் கொண்டு போங்கள். அவை இல்லாமல் போனால், விலை குறைந்துவிட்டதே என்று இருவரும் சேர்ந்து வருத்தப்பட்டுவிட்டுக் காப்பி குடித்துத் திரும்ப வேண்டியதுதான். விலையை உயர்த்தித் தரும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. 1933 முதல் 1994 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாலை வாங்கி விற்றது பால் விற்பனை வாரியம். அது கலைக்கப்பட்டதிலிருந்து விலை என்பது உங்கள் முதலாளிக்கும் பாலை வாங்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்குள் அடங்கிய விஷயம். ஆலோசகர் உங்களுக்குப் பயன்படுவது அந்த ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதில்தான்.

இப்போது அதைப் படிப்பதற்குக் காரணமும் கூடியிருக்கிறது. பால் கொள்முதலில் நேர்மையான நடத்தையைக் கட்டாயமாக்கும் விதிமுறைகள் 2024 ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்தன. பழைய ஒப்பந்தங்களும் 2025 ஜூலை 9 முதல் அவற்றுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். விலை மாறக்கூடியதானால் எவற்றைக் கொண்டு அது மாறுகிறது என்பதை அதிலேயே சொல்ல வேண்டும். கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் விலகிக்கொள்ள விவசாயிக்கு 21 நாள் அவகாசம் உண்டு. வாங்குபவர் தம் விருப்பப்படி ஒருதலைப்பட்சமாக நிபந்தனைகளை மாற்ற முடியாது. மீறும் நிறுவனத்துக்கு அதன் விற்றுமுதலில் ஒரு சதவீதம் வரை அபராதம் விதிக்கவும் இடமிருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் இந்த விதிமுறைகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதுவது, இரட்டை விலை. உங்கள் பண்ணையில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் லிட்டர் பால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் 10 லட்சம் லிட்டருக்கு ஒரு விலையும் அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்த விலையும் இருந்தால், எஞ்சிய 2 லட்சம் லிட்டரை வேறொருவருக்கு விற்கலாமா என்று கேட்க நினைப்பீர்கள். முன்பெல்லாம் ஒரு துளி கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையும் அதே தாளில் இருக்கும். இப்படி இரண்டு விலை வைத்திருக்கும் வாங்குபவர் பால் முழுவதும் தமக்கே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைப் புதிய விதிமுறை தடுக்கிறது. பால் முழுவதும் தமக்கே என்ற அந்த நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போனால் ஆலோசகரின் நேரமும் உங்கள் நேரமும் மிச்சம்.

கணக்குச் சீட்டு எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்துப் பணம் கொடுப்பதைப் போலவே இங்கேயும் கொழுப்பு, புரதம், உடற்செல் எண்ணிக்கை (மடிநோய் வந்தால் பாலில் கூடும் செல்கள்), பாக்டோஸ்கேன் அளவு (பாலில் உள்ள பாக்டீரியாவின் அளவு) ஆகியவை விலையை ஏற்றவோ இறக்கவோ செய்யும். உடற்செல் எண்ணிக்கைக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு மில்லிலிட்டருக்கு 4,00,000. ஆனால் வாங்குபவர்கள் அதற்கு வெகு முன்னதாகவே பிடித்தம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். சந்தை விலை சரிந்துவிட்டதாக முதலாளி நினைத்துக்கொண்டிருக்கும் தொகையில் ஒரு பங்கு, உண்மையில் மடிநோயால் வந்த பிடித்தமாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் பேச வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

கேள்வி: நாங்கள் கார்மார்தனில் இருக்கிறோம். வேல்ஸில் இரண்டு சங்கங்கள் இருக்கின்றனவே, கண்காட்சியில் எந்தச் சங்கத்தாரிடம் பேசுவது? - வாசகர், கார்மார்தன்

பதில்: உங்கள் ஊரில் பிறந்தது வேல்ஸ் விவசாயிகள் சங்கம். 1908இல் தொடங்கிய தேசிய விவசாயிகள் சங்கத்திலிருந்து பிரிந்தவர்கள் 1955இல் அதை அமைத்தார்கள். பால் விதிமுறைகள் பிரிட்டன் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் இரு சங்கத்தாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் அல்லாதவரிடமும் கண்காட்சியில் முகம் கொடுத்துப் பேசுவார்கள். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துக் கருத்துச் சொல்வது உறுப்பினர்களுக்கான சேவை. சந்தாவுக்கு என்னென்ன கிடைக்கும் என்று இரண்டு இடத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: தேசிய சங்கத்தின் உள்ளூர்ச் செயலாளர்கள் பெரும்பாலும் அச்சங்கத்தோடு தொடர்புடைய என்.எஃப்.யு. மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தின் முகவர்களாகவும் இருக்கிறார்கள், வேல்ஸ் சங்கமும் காப்பீட்டுத் தொழில் நடத்துகிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் பேச்சு பால் ஒப்பந்தத்திலிருந்து டிராக்டர் காப்பீட்டுக்குத் திரும்பினால், அதற்கு வேறொரு நாள் குறித்துக்கொண்டு ஒப்பந்தத்துக்கே திரும்பி வாருங்கள்.