தாத்தாவின் பழைய ஸ்கூட்டரை இன்ஜின் முதல் பெயின்ட் வரை வீட்டிலேயே நானே புதுப்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வரிசையில் முடியாது.

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது குறைவு: தாத்தாவின் வண்டி பல ஆண்டுகளாக ஓரமாக நிற்கிறது, கிக்கர் இறங்குகிறது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், இதற்கு முன் இன்ஜினைப் பிரித்ததில்லை. சொல்லாமல் விட்டதை நானே ஊகித்துக்கொள்கிறேன். என்ன நிறம் அடிக்கலாம் என்பதை நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள். கிக்கர் இறங்குகிறது என்பதால் இன்ஜினில் பெரிய வேலை இருக்காது என்றும் நம்புகிறீர்கள். இந்த இரண்டும் எனக்கும் இருந்தன. அதனால்தான் நான் ஒரே வண்டிக்கு இரண்டு முறை பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

என்னுடையது அப்பாவின் வண்டி, 1960களின் 150 சிசி வெஸ்பா. பதினான்கு ஆண்டுகள் சும்மா நின்றது. அதைத் தொட்டபோது, கண்ணுக்குத் தெரிவதை முதலில் சரிசெய்தால் உற்சாகம் குறையாமல் இருக்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, இன்ஜினை இறக்காமலேயே அதைச் சுற்றிச் செய்தித்தாள் ஒட்டி மறைத்து, கேன் ஸ்பிரேயால் வண்டி முழுவதும் பெயின்ட் அடித்தேன். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். பார்ப்பதற்கு உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிறகு சிலிண்டரைக் கழற்றிப் புது ரிங் போட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயின்டைத் தேய்த்து இடைவெளி வைத்து, புது பிளக் மாட்டினேன். எட்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, அன்று இரவு தூங்கவே இல்லை.

மறுநாள் சற்றுத் தொலைவு போனேன். ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் இன்ஜினின் வேகம் இறங்காமல், தானாகவே ஏறியதைக் கவனித்தேன். அது எதற்கான எச்சரிக்கை என்று அப்போது எனக்குத் தெரியாது. வண்டி நன்றாக இழுக்கிறது என்று மகிழ்ந்தேன். அடுத்த சில நிமிடங்களில் பின்சக்கரம் திடீரென்று இறுகி வண்டி வழுக்கியது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. இன்ஜின் சீஸ் ஆகியிருந்தது.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் ஆயிலும் காற்றும் கலந்த கலவை நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) சுற்றும் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கே அழுத்தப்பட்டு, அதன் பிறகே மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்கின் இரு முனைகளிலும் இருக்கும் ஆயில் சீல்கள் வெறும் கசிவுத் தடுப்பான்கள் அல்ல. இன்ஜின் மூச்சு விடுவதே அவற்றை நம்பித்தான். பதினான்கு ஆண்டுகள் சும்மா நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது. மேக்னெட் (கிராங்கின் ஒரு முனையில் சுற்றி மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்துச் சீல் விட்டுப்போனால் பெட்ரோலும் ஆயிலும் இல்லாத வெறுங்காற்று உள்ளே புகும், கலவை மெலியும், சூடு ஏறும், உராய்வைத் தடுக்க ஆயிலும் குறைவாக இருப்பதால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் விட்டுப்போனால் கதை வேறு: கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கும், சைலன்சரிலிருந்து வெண்புகை அடங்கவே அடங்காது, கியர் ஆயிலின் அளவு மட்டும் மர்மமாகக் குறைந்துகொண்டே வரும். கிக்கர் இறங்குவதோ, இன்ஜின் பிடித்துக்கொள்வதோ கூட, இந்த இரண்டு சீல்களைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது.

இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், அதை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாள் துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊறவைத்தேன், சூடுகாட்டினேன், அடித்தேன்; இறுதியில் ரம்பத்தால் அறுத்தேன். சுத்தி தவறிய இடங்களில் பெயின்ட் சில்லுசில்லாகப் பெயர்ந்தது. டேங்கைக் கழற்றும்போது சிந்திய பெட்ரோல் பட்ட இடமெல்லாம் என் அழகான கேன் பெயின்ட் மிட்டாய் போல இளகியது. அன்றைக்கு அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆகவே, முதலில் இன்ஜினை இறக்குங்கள். சக்கரத்தைக் கழற்றும்போது ஓர் உயிர் காக்கும் விஷயம்: வெஸ்பா வகை வண்டிகளில் ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். சக்கரத்தை வண்டியோடு சேர்க்கும் நட்கள் வேறு, அந்த இரு பாதிகளையும் இணைக்கும் நட்கள் வேறு. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். வால்வைப் பிடுங்கி, காற்று முழுவதும் இறங்கிவிட்டது என்று கையால் அழுத்திப் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மில் உள்ள தூசியை ஊதவோ காற்றடித்துச் சுத்தம் செய்யவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இன்ஜினைப் பிரிக்க இரண்டு சிறப்புக் கருவிகள் கட்டாயம் வேண்டும்: மேக்னெட் புல்லர் ஒன்று, கிளட்ச் நட்டுக்கான பல் வைத்த சாக்கெட் ஒன்று. கிளட்ச் நட்டை உளியாலும் சுத்தியாலும் கழற்றிய பெருமை எனக்கும் உண்டு. அந்த நட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கியதும் நானே. கேஸின், அதாவது கிராங்கைச் சுற்றியிருக்கும் வெளிக்கூட்டின், இரு பாதிகளையும் பிரிக்கும்போது நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். என் வண்டியில் என்றோ ஒரு மெக்கானிக் அப்படி நெம்பிய தழும்பு இருந்தது. அவ்வழியாகவும் காற்று கசிந்திருக்கலாம். எல்லாப் போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, மரச்சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் அது தானாக விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுக்காத போல்ட் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது.

என் வண்டியைப் போன்ற ரோட்டரி வால்வு இன்ஜினில், கலவை நுழையும் துவாரத்தைத் திறந்து மூடுவதே கிராங்கின் விளிம்புதான். அந்த விளிம்புக்கும் கேஸின் உட்தளத்துக்கும் இடையே மயிரிழை அளவே இடைவெளி. அத்தளத்தில் ஆழமான கீறல் இருந்தால் எந்தக் கேஸ்கட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது. பேரிங்குகளை அடித்து இறக்காமல், கேஸை வெப்பக்காற்றால் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்து எடுத்துப் போட்டால், தட்டவே தேவையில்லாமல் உள்ளே விழும் அந்தச் சத்தம் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த சத்தம். சீல், கேஸ்கட், பிஸ்டன் பின்னை நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் (சிறிய கம்பி வளையம்) ஆகியவற்றில் பழையதை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். சர்க்ளிப் மாட்டும்போது கீழே திறந்திருக்கும் கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் துவாரத்தை நோக்க வேண்டும். ரிங்கின் முனைகள் பள்ளத்தில் இருக்கும் சிறிய முளையில் சரியாக அமர வேண்டும்.

சிலிண்டர் கீறியிருந்ததால் அதற்கு அடுத்த அளவில் போர் போட (உட்சுவரைக் கடைந்து அகலமாக்க) வேண்டியிருந்தது. புது பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். ஆயில் கலவையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ரோட்டரி வால்வு இன்ஜின்களுக்கு 2 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. அதற்கு முந்தைய பழைய இன்ஜின்களுக்கு 5 சதவீதம். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு அதன்படி கலக்குங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்பது உண்மையல்ல, பிளக்கில் கரிதான் சேரும்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேக்னெட்டுக்கு அடியிலிருந்து வரும் வயர்களின் உறை தொட்டால் உதிரும், அவற்றை மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டர் இல்லாத 6 வோல்ட் வண்டியில் ஒரு பல்பு போனால் மிச்ச மின்னழுத்தம் மற்ற பல்புகளின் தலையில் விழும் என்பதால், எல்லாம் ஒரே இரவில் கருகினால் பேயைக் குறைசொல்லாதீர்கள்.

இனி தகடு. 1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். தனியாகச் சட்டம் என்று ஒன்றைப் போடாமல், அழுத்தி வளைத்த தகட்டையே வண்டியின் எலும்பாகவும் தோலாகவும் ஆக்கினார். மறு ஆண்டு வந்த லாம்பிரெட்டாவிலோ எலும்பு குழாய், தகடு வெறும் போர்வை. உங்கள் வண்டி முதல் வகை என்றால், கால் வைக்கும் தளத்தில் இருக்கும் துரு அழகுக் குறை அல்ல, எலும்புருக்கி நோய். ரப்பர் பாயைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் குறுக்குப் பட்டைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். என்னுடையதில் அது உள்ளே போய்விட்டது. அதைப் பட்டி போட்டு மூடியிருந்தேன், முதல் முறை! இரண்டாவது முறை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்து வெல்டு செய்யக் கொடுத்தேன்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். ரிமூவரோ, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளோ போதும். சைடு பாக்ஸ் போன்ற மெல்லிய தகடுகளை மணல் வீச்சுக்குக் கொடுத்தால், தெரியாதவர் கையில் அவை அப்பளம் போல நெளிந்து திரும்பும். வெறும் இரும்பு தெரிந்த அன்றே எப்பாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். பட்டியை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் டிங்கரிங் வேலை சரியாக முடியவில்லை என்று பொருள். பிரைமரின் மேல் கறுப்பைப் பனித்தூறல் போலத் தெளித்துவிட்டுத் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு மிஞ்சும். கண்ணும் கையும் ஏமாறும் இடத்தில் இந்தத் தந்திரம் ஏமாறாது.

நிறம் அடிப்பதற்கு முன், இன்ஜின், ஹேண்டில், கேபிள்கள், சீட், பீடிங் (தகட்டின் ஓரங்களில் பொருத்தும் பட்டை) எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி வண்டியை ஓட்டிப் பாருங்கள். பிரைமர் நிறத்தில் அசிங்கமாகத்தான் இருக்கும். நான் மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன். பீடிங் ஓட்டைகள் இரண்டு பொருந்தவில்லை, கியர் கேபிள் ஓரிடத்தில் மடங்கியது, டேங்கிலிருந்து வந்த துரு கார்புரேட்டர் ஜெட்டை அடைத்தது. எல்லாவற்றையும் பெயின்ட் கெடும் பயமில்லாமல் சரிசெய்தேன். அதன் பிறகு மறுபடியும் முழுவதும் கழற்றி, இறுதிப் பெயின்டுக்குக் கொடுத்தேன். ஆம், கொடுத்தேன். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது; சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும். பெட்ரோலுக்குத் தாங்கும் பெயின்ட் வேண்டும், வெளிக்காற்று தரும் முகமூடியும் அடைத்த அறையும் வீட்டில் இல்லை என்றால், அந்த ஒரு வேலையை வெளியே விடுவதில் வெட்கமில்லை. போர், வெல்டிங், இறுதிப் பெயின்ட் மூன்றையும் வெளியே கொடுத்துவிட்டு நானே செய்தேன் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்பவர்களுக்கு: அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் குறைந்தது மூன்று முறை என் கைதான் கழற்றி மாட்டியது. பழைய பெயின்டை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்பவர்களுக்கு: அப்பா அதன் மேல் இரண்டு முறை பிரஷ்ஷால் பெயின்ட் பூசியிருந்தார், காப்பாற்றும்படி அடியில் ஒன்றுமில்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மிஞ்சியிருந்த முதல் நிறத்தைப் பார்த்துத்தான் இப்போதைய நிறத்தைக் கலந்தோம்.

கேள்விக்குத் தொடர்பில்லாதது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகள் இடத்தை அடைக்கிறது, எடைக்குப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்த என் அண்ணன், வண்டி முடிந்த வாரமே வந்து அதன் மேல் உட்கார்ந்து படம் எடுத்து, அப்பாவின் வண்டியை மீட்டுவிட்டோம் என்று உறவினர் எல்லோருக்கும் அனுப்பினார். அந்தப் பன்மை விகுதி இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. உங்கள் தாத்தாவுக்கு வேறு பேரப்பிள்ளைகள் இருந்தால், வேலையைத் தொடங்குமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிக்கரை இனி மிதிக்காதீர்கள்; சிலிண்டரில் துரு இருந்தால் ஒவ்வொரு மிதியும் கீறும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் இரண்டு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் ஃபேன் கவரை எடுத்து, மேக்னெட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு அதன் விளிம்பைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. என்ன தெரிந்தது என்பதை இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள், கிராங்கைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.