300 பேருக்குக் கம்பெனி விருந்து: சாப்பாடு, பானம், கலைநிகழ்ச்சியை எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டது இது: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் உங்கள் செம்பனை (பாமாயில்) கம்பெனியின் ஆண்டு விருந்து. 300 பேர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரும் உண்டு, நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்களும் உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் கிராணியாக (அலுவலக எழுத்தராக) வேலை பார்த்தவன். ஒன்பது ஆண்டுகள் விருந்து வேலை என் பொறுப்பில்தான் இருந்தது. முதலாம் ஆண்டு நடந்ததைச் சொன்னால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

மண்டபம், மேடை, பாடகர் என எல்லாம் நன்றாகத்தான் அமைந்தன. இரவு 9 மணிக்கு ஷிஃப்டு முடிந்து, குளித்து உடை மாற்றிக்கொண்டு ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது மணி 9.45. ஆட்டுக்கறி தீர்ந்துவிட்டது. கோழியில் குழம்பு மட்டும் மிச்சம். அதிர்ஷ்டக் குலுக்கும் முடிந்திருந்தது. அவர்களுடைய எண்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆள் இல்லை என்று வேறு சீட்டு எடுத்திருக்கிறார்கள். 22 ஆண்டுகள் பாய்லரில் நின்ற ஓர் அண்ணன், மனைவி பிள்ளைகளோடு காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல தம்பி, வீட்டுல ரசம் இருக்கு" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து கடைசியாக வருகிறவரின் தட்டைத்தான் முதலில் கணக்குப் போட்டேன்.

ஆலையை ஒரு நாள் மூடிவிட்டு எல்லாரும் வரலாமே என்று வெளியாட்கள் கேட்பார்கள். வெட்டிய பழக்குலையைக் காலத்தில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும், தரம் விழும். வரத்து அதிகமான மாதங்களில் மூடுவது நடக்காத காரியம். ஆகவே முதல் வேலையாக ஷிஃப்டு பட்டியலைக் கையில் வாங்குங்கள். யார் 7.30க்கு வருவார்கள், யார் 9.45க்கு வருவார்கள், யார் வரவே முடியாது என்று மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டு அதன் பிறகு சமையல்காரரைப் பாருங்கள்.

சமையல்காரரிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல, எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்குவீர்கள் என்பதைத்தான். ஈப்போவிலிருந்து வருகிறவர்கள் பிற்பகல் 2 மணிக்கே சமைத்து முடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், சூடாக வைத்திருப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 2 மணிக்கு இறக்கிய தேங்காய்ப்பால் குழம்பு 9.45க்கு எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அதனால் இரண்டாவது பந்திக்கு உரியதை மண்டபத்தின் பின்னாலேயே 8.30க்குத் தனியாகச் சமைக்கச் சொல்வேன். அந்த அண்டா முதல் பந்தி மேசைக்குப் போகக் கூடாது. யார் கேட்டாலும், மேலாளரே கேட்டாலும், மூடியைத் திறக்காத ஓர் ஆளை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். சமையல் ஆட்கள் எல்லாரும் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் முடித்தவர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

என் அளவுக் கணக்கு இது: பிரியாணிக்கு 10 பேருக்கு ஒரு கிலோ அரிசி, அதாவது 300 பேருக்கு 30 கிலோ. கோழி ஒரு கிலோவுக்கு ஐந்து பேர், ஆட்டுக்கறி ஒரு கிலோவுக்கு எட்டுப் பேர். மாட்டிறைச்சி வேண்டாம். கோழியும் ஆடும் ஹலால் கடையில்தான் வாங்க வேண்டும், பாத்திரமும் ஹலால் சமையலுக்கே உரியதாக இருக்க வேண்டும். நேப்பாளத் தம்பிகளுக்குப் பருப்பும் சோறும் நிறைய இருந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். வங்காளதேசத்தவர்களுக்கு ஒரு மீன் குழம்பு வையுங்கள்.

சைவத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கங்கோங் கீரை சைவம் என்று எண்ணித் தட்டில் போட்டுக்கொள்வார்கள், அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸில் இறால் இருக்கும், சூப்பில் நெத்திலி வெந்திருக்கும். சீனச் சைவர்கள் பலர் வெங்காயம் பூண்டும் தொடமாட்டார்கள், நம் சாம்பார் அவர்களுக்கு ஆகாது. சைவ மேசையைத் தனியாகப் போட்டு, கரண்டிகளையும் தனியாக வைத்து, வெங்காயம் பூண்டு இல்லாத இரண்டு பதார்த்தமாவது செய்யச் சொல்லுங்கள். தேதியைப் புரட்டாசியில் வைத்தால் பாதித் தமிழர்கள் அந்த மேசைக்கே வந்துவிடுவார்கள். நோன்பு மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

பானத்துக்குச் சிராப், எலுமிச்சை, பண்டோங் (ரோஜாப் பால்), தேத்தாரே (ஆற்றிய பால் தேநீர்) போதும். நம் ஊர் வெக்கையில் ஒருவர் மூன்று கோப்பை குடிப்பார் என்று கணக்கு வையுங்கள். வெறும் குளிர்ந்த தண்ணீரும் மேசைக்கு மேசை இருக்கட்டும்.

பீர் வைக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரே மண்டபத்தில் முஸ்லிம் சகோதரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை குடும்பத்துச் சம்பளத்தைத் தின்றது என்று கேட்டு வளர்ந்தவன் நான் என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, விருந்து முடிந்து பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செம்மண் பாதையில் இருட்டில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) திரும்புகிறவர்கள். 2020இல் சாலைச் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் என்று மதுவின் வரம்பைக் குறைத்துவிட்டார்கள். முன்பு அது 80. கம்பெனி ஊற்றிக் கொடுத்த கோப்பையால் ஒருவர் பிடிபடுவதையோ, ஓடையில் விழுவதையோ என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

கலைநிகழ்ச்சிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆள் வரவழைக்கப் பணம் ஒதுக்கியிருந்தால், அதில் பாதியை நல்ல ஒலிபெருக்கிக்கும் ஒலியமைப்பாளருக்கும் மாற்றிவிடுங்கள். உங்கள் ஆட்களிடையே உறுமி அடிக்கிறவர்கள் இருப்பார்கள், டங்டுட் என்ற இந்தோனேசியப் பாட்டுப் பாடுகிறவர் இருப்பார், பிள்ளைகளில் சிலம்பம் சுற்றுகிறவர்கள் இருப்பார்கள். ஒரு முறை நேப்பாளத் தொழிலாளர்கள் எட்டுப் பேர் தங்கள் ஊர் ஆட்டம் ஆடினார்கள். அதுவரை அவர்கள் பெயரே தெரியாமல் இருந்த அலுவலகப் பெண்கள் மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆறு வாரம் முன்பே கேட்டு வையுங்கள், ஒத்திகைக்கு ஷிஃப்டில் நேரம் விடுங்கள். ஒலிபெருக்கியை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்து, அதன் முன்னால் ஓய்வு பெற்ற பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். அவர்கள் பேசிக்கொள்ளத்தானே வருகிறார்கள்.

நேரம் இப்படி: மக்ரிப் என்ற மாலைத் தொழுகை ஏறக்குறைய 7 மணிக்கும் 7.35க்கும் இடையில் வரும். அதற்கு முன்பு மேடையில் எதையும் தொடங்காதீர்கள். தொழுகைக்கு ஓர் அறையும் கை கால் கழுவத் தண்ணீரும் தேவை. 7.45க்கு முதல் பந்தி. மேலாளர் பேச்சு ஐந்து நிமிடம், அதுவும் சாப்பாடு தட்டுக்கு வந்த பிறகு. உறுமி, நீண்ட சேவை விருது, அதிர்ஷ்டக் குலுக்கு மூன்றும் 10 மணிக்குப் பிறகுதான். நாங்கள் விதியையும் மாற்றினோம்: ஆள் வராவிட்டாலும் சீட்டு செல்லும், பரிசை மறுநாள் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். மின்விசிறியும் சோற்றுப் பானையும் இரவு ஷிஃப்டுக்காரர் வீட்டுக்கும் போயின.

அப்புறம், வரவே முடியாத அந்த மூன்றாவது பட்டியல். அவர்களுக்கான பொட்டலங்கள் மண்டபக் கதவு திறக்கும் முன்பே, 7 மணிக்கு, வேனில் கிளம்ப வேண்டும். மிச்சத்தைக் கட்டி 11 மணிக்கு அனுப்பக் கூடாது. முதல் அண்டாவிலிருந்து எடுத்த பிரியாணி, இரண்டு துண்டு ஆட்டுக்கறி, சைவம் கேட்டவருக்குச் சைவம், ஒவ்வொன்றிலும் பெயர். வேன் போய்ச் சேர்ந்ததும் ஷிஃப்டு மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டு, எண்ணிக்கை சரிதானா, பாய்லர் அறைக்கும் போய்விட்டதா என்று கேட்டுவிட்டு மேடைக்கு வாருங்கள்.