ஒத்து ஊதும் கை

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் ஏதாவது ஓர் இசைத்தொகுப்பை முழுதாகக் கேட்பது எங்கள் வழக்கம். சென்ற வாரம் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'த கோல்ன் கான்சர்ட்'. அன்றிலிருந்து வீட்டில் சண்டை. ஒருவன் 'செக்குமாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிறது' என்று பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். இன்னொருவனுக்கு வாசிப்பவர் நடுநடுவே முனகுவது பிடிக்கவில்லை. சிறுவயதிலிருந்து பியானோ கற்று தேர்வெல்லாம் எழுதியவன், 'இரண்டு கார்ட்களை (ஸ்வரக்கூட்டுகளை) வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறார், இது ஜாஸே இல்லை' என்கிறான். எனக்கோ அது வாசிக்கப்பட்ட சூழலைப் பற்றிப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. பழுதான பியானோவில் ஒரு மனிதர் இப்படி வாசித்திருக்கிறார் என்றால் நமக்கெல்லாம் என்ன சாக்கு இருக்கிறது? எங்களில் யார் சொல்வது சரி? இதை ரசிக்க மேற்கத்திய இசைப் பயிற்சி வேண்டுமா? அடுத்து என்ன கேட்கலாம்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

நீங்கள் யாரும் முழுக்கச் சரியில்லை. பயிற்சி வேண்டியதில்லை. மூன்றாவது கேள்வியைக் கடைசியில் பார்க்கலாம்.

ஒரு மாதமாக நானும் இதே தொகுப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம் வேறு. ஆகவே உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது; கொஞ்சம் திட்டு விழுந்தால் வருத்தப்படாதீர்கள்.

முனகலை முதலில் முடித்துவிடுவோம். ஜாரெட் முனகுவார், கூடப் பாடுவார், இருக்கையிலிருந்து எழுந்து நெளிவார். பாக்கின் இசையைப் பியானோவில் வாசித்துப் பெயர் பெற்ற கிளென் கூல்டும் கூடவே முணுமுணுத்தவர்தான். பிடிக்காதவர்கள் கேட்க வேண்டாம், அவ்வளவுதான். எனக்கு வேடிக்கையாக இருப்பது, அரங்கில் யாராவது இருமினால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்டித்த மனிதர் இவர். பிறருடைய இருமலை அவரால் பொறுக்க முடிந்ததில்லை. அவருடைய முனகலை மட்டும் உலகம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவர்களோடு குடித்தனம் நடத்தியவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இது ஜாஸா இல்லையா என்ற விவாதம் கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பது என்ற கவலை. விடுங்கள்.

இனி உங்களிடம் வருகிறேன். 'நமக்கெல்லாம் என்ன சாக்கு இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. செக்குமாடு என்று சொல்லிவிட்டு எழுந்து போன நண்பர் பத்து நிமிடமாவது இசையைக் கேட்டார். நீங்கள் கேட்டது கதையை.

கதை இதுதான். 1975 ஜனவரி 24. ஜெர்மனியில் கொலோன் (ஜெர்மன் மொழியில் கோல்ன்) நகரத்து ஆப்பரா அரங்கு, அதாவது இசைநாடக அரங்கு. நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ் என்ற 18 வயதுப் பெண். மாலையில் அங்கே ஓர் ஆப்பரா இருந்ததால் ஜாரெட்டுக்குக் கிடைத்தது இரவு 11.30 மணி. அவர் கேட்டிருந்தது பூசன்டோர்ஃபர் இம்பீரியல், 97 கட்டைகள் கொண்ட பெரிய பியானோ. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சிறியது. சுருதி கலைந்திருந்தது. மேல்பக்கம் தகரம் தட்டுவதுபோல ஒலித்தது, கீழ்பக்கம் கனமே இல்லை, மிதிகட்டை சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட் ஸ்விட்சர்லாந்திலிருந்து காரில் வந்திருந்தார். தூக்கம் இல்லை, முதுகுவலி வேறு. வாசிக்க முடியாது என்று சொல்லிப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். மழையில் நனைந்தபடி அந்தப் பெண் கெஞ்சினார். கடைசியில் ஜாரெட் இசைந்தார். சுமார் 1400 பேர் கேட்டார்கள். அந்த ஒலிப்பதிவு 35 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

நல்ல கதைதான். ஆனால் இந்தக் கதை எங்கெல்லாம் சொல்லப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருமுறை எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கழுத்துப்பட்டை அணிந்து வந்த இளைஞர் ஒருவர் இதே கதையை உருக்கமாகச் சொன்னார். குறைகளே நம்மைப் படைப்பாளிகளாக்குகின்றன என்றார். எங்கள் பிரிவில் அப்போது மூன்று நாற்காலிகளுக்குக் கால் ஆடிக்கொண்டிருந்தது. மாற்றித்தரச் சொல்லி ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த மூத்த எழுத்தர் என் காதருகே குனிந்து, 'இனி நாற்காலி வராது' என்றார். வரவும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒருவரை விட்டுவிடுகிறார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பியானோவை வாசிக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்த சுருதி சேர்ப்பவர். அவர் இல்லையென்றால் கதையும் இல்லை, கச்சேரியும் இல்லை. பழுதான கருவியின் பெருமையைப் பேச வந்தவர்களுக்கு, பழுது பார்த்தவர் எதற்கு?

இன்னொன்று. அந்தப் பியானோவில் கனம் இல்லாததால்தான் ஜாரெட் நடுக்கட்டைகளிலேயே நின்றார், இடது கையால் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து ஓசையைக் கூட்டினார் என்கிறார்கள். பாதி உண்மை. 1973இல் பிரெமனிலும் லொசானிலும் அவர் தந்த தனிக்கச்சேரிகள் மூன்று இசைத்தட்டுகளாக வந்திருக்கின்றன. அவற்றிலும் இடது கை இதே போலச் சுழல்வதைக் கேட்கலாம். 1971இல் ஆஸ்லோவில் பதிவான 'ஃபேசிங் யூ' என்ற தொகுப்பின் முதல் துண்டிலேயே அது இருக்கிறது. கொலோனுக்கு வரும்போதே அது அவர் கையில் இருந்தது. அன்றைய பியானோ அவருக்கு வேறு வழி இல்லாமல் செய்தது, அவ்வளவுதான். அதன்பிறகு எந்த ஊரிலாவது ஜாரெட் 'எனக்கு மட்டமான பியானோவாகப் பார்த்துக் கொடுங்கள்' என்று கேட்டதாக நான் படித்ததில்லை. 1992இல் ஷ்பீகல் என்ற ஜெர்மன் இதழின் பேட்டியில் இந்தப் பதிவுகள் ஒழிந்துபோனால் நல்லது என்ற பொருளில் பேசியிருக்கிறார். உங்கள் வீட்டுச் சண்டையில் அவரையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, கோபம் தீர்ந்தது.

உங்கள் பியானோ நண்பர் எண்ணிச் சொன்னது சரிதான். முதல் பகுதி 26 நிமிடம். அதில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஏ மைனர், ஜி மேஜர் என்ற இரண்டு கார்ட்களுக்கும் நடுவிலேயே கழிகின்றன. இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் டி மேஜரில் எட்டு நிமிடம் இடது கை நகரவே நகராது. அவர் எண்ணியதைக் குறையாகச் சொல்கிறார். எனக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் பங்குனி உத்திரத்துக்குச் சாமி புறப்பாடு நடுநிசிக்கு மேல்தான். நாயனக்காரர் தெருமுனையில் நின்று ஒரு மணி நேரம் ராகம் வாசிப்பார். எல்லோர் கண்ணும் அவர் மீது இருக்கும். நான் அவருக்குப் பின்னால் நின்ற கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் நாயனத்தைப் போலவே ஒரு குழல். கன்னம் இரண்டும் பந்துபோல உப்பியிருக்கும். ஒரே ஸ்வரம். அதை விடவே மாட்டார். 'அங்கே என்னடா பார்வை, முன்னால் பார்' என்று மாமா என் தலையைத் திருப்பினார். 'அவர் எப்போது மாமா மூச்சு விடுவார்?' என்று கேட்டேன். மாமாவுக்கு விடை தெரியவில்லை. கன்னத்தில் அடைத்த காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வேலைக்குப் பெயர் ஒத்து. நம் மொழி அந்தக் கிழவருக்குச் செய்த மரியாதையைப் பாருங்கள்: யாருக்கும் ஆமாம் போடுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். ஒத்து விலகினால் நாயனக்காரர் அந்தரத்தில் நிற்பார். இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. அதற்குக் கன்னம் இல்லை.

ஜாரெட்டின் இடது கை எனக்கு அந்தக் கிழவர். ஒத்து மட்டுமில்லை, தவிலும் அதுதான். வலது கை எங்கே வேண்டுமானாலும் போகலாம், தடுமாறலாம், அழலாம், வழி தெரியாமல் திரும்பி வரலாம். திரும்பி வரும்போது இடம் அங்கேயே இருக்கும். உங்கள் வீட்டில் கொண்டாடியவரும் குறை சொன்னவர்களும் பேசுவது வலது கையைப் பற்றி. இடது கையைக் கவனித்தவர் செக்குமாடு நண்பர் ஒருவரே, அதுவும் எரிச்சலோடு. உங்கள் நால்வரில் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

நான் இதைக் கேட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன்; என் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்று தெரியுமே. 1989இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். பக்கத்து அறைக்காரர் தூத்துக்குடிக்காரர், கப்பலில் வேலை. ஊர் திரும்பும்போது எனக்கு ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போனார். மேலே பால்பாயின்ட் பேனாவால் 'கோல்ன்' என்று மட்டும் எழுதியிருந்தது. வாசித்தவர் பெயரே அதுதான் என்று இரண்டு வருடம் நம்பினேன். கோல்ன் என்ன வாசிக்கிறார் பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அது 60 நிமிடக் கேசட். முழுத்தொகுப்பு 66 நிமிடம். முதல் பக்கத்தில் முதல் பகுதி சரியாக அடங்கியது. மறுபக்கத்தில் இரண்டாம் பகுதி ஓடி, நடுவில், ஒரு சொல்லின் பாதியில் நாக்கு நின்றதுபோல, சட்டென்று நின்றுவிடும். அதுதான் முடிவு என்று நினைத்தேன். போதாததற்கு என் டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருந்தது. எல்லாம் சற்று மெதுவாக, சற்றுக் கீழ்ச்சுருதியில் ஒலித்தன. பத்து வருடம் அதைத்தான் கேட்டேன்.

பிறகு குறுந்தகடு வாங்கினேன். முதல் அதிர்ச்சி, இவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்பது. இரண்டாவது, கடைசி ஏழு நிமிடம். ரசிகர்கள் மீண்டும் கேட்டதற்காக வாசித்தது. அழகான, முடிச்சுப் போட்ட, பாடலைப் போன்ற துண்டு. பலருக்கு அதுதான் உயிர். எனக்கு அது பந்தியில் இலையை மடித்த பிறகு யாரோ வந்து பாயசம் ஊற்றுவது போல இருந்தது. இன்றைக்கும் அதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன். நியாயமில்லைதான். கப்பல்காரர் 90 நிமிடக் கேசட் வாங்கியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதமாக ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லையே. 2018இல் ஜாரெட்டுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்தது. 2020 அக்டோபரில்தான் வெளியே சொன்னார். பழுதானது இடது பக்கம். அந்தக் கை ஒரு கோப்பையைப் பிடிக்கும் அளவுக்குத் தேறினால் அதுவே அதிகம் என்று பேட்டியில் சொல்லியிருந்தார். அப்போது படித்துவிட்டுக் கடந்துபோனேன். சென்ற மாதத்திலிருந்து என் வீட்டிலேயே ஒருவர் இடது கையால் தம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். காலையில் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு இதைக் கேட்கிறேன். வலது கை என் காதில் விழுவதே இல்லை.

அடுத்து என்ன கேட்கலாம் என்றீர்கள். மேலே சொன்ன 'ஃபேசிங் யூ', பிறகு பிரெமன் கச்சேரி. ஆனால் அதற்கு முன்னால் அந்தச் செக்குமாடு நண்பரைக் கூப்பிடுங்கள். இரண்டாம் பகுதியின் முதல் எட்டு நிமிடத்தை வையுங்கள். தரையில் உட்கார்ந்து, இடது கை வாசிப்பதை மட்டும் தன் இடது கையால் தொடையில் தட்டச் சொல்லுங்கள், ஒரு தட்டும் தவறாமல். நான் முயன்று பார்த்தேன். ஐந்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு வலித்து நிறுத்திவிட்டேன். அவர் எதுவரை போனார் என்று எழுதுங்கள்.