வெயில் போன பிறகும் மேல்மாடி வீடு ஏன் கொதிக்கிறது?
மே மாதம், இரவு பத்து மணி. வெளியே காற்று ஆறிவிட்டது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள வீட்டில் மட்டும் அனல் குறையவில்லை. ஏன்?

தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளம்தான் காரணம். அது சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடும். இதை வெப்பத் தேக்கம் எனலாம். நான்கைந்து அங்குலத் தளத்தின் மேல் விழும் மதிய வெயில் அடிப்பக்கம் வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் கடைசி தோசை வெந்துவிடுமே, அதே கதைதான். சந்தேகம் இருந்தால் ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருக்கும்.

மாடித் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கீற்றுப் பந்தலும் நல்லது. சாயங்காலம் தண்ணீர் தெளிக்கலாம்தான், ஆனால் குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் கோடையில் அதற்கு எங்கே போவது?

அப்புறம், ஃபேன் பழசானதால்தான் அனலடிக்கிறது என்று புதிது வாங்கிவிடாதீர்கள். எந்த ஃபேனும் காற்றைக் குளிரவைப்பதில்லை. வியர்வையை உலர்த்துகிறது, கூடவே கூரையடியில் நிற்கும் சூட்டையும் கீழே தள்ளுகிறது.