மறு: சொத்தவிளையில் மணலில் புதைந்த தார், அடுத்த மாதம் தீவுப் பயணம்

அண்ணே, சொத்தவிளைக் கடற்கரை மணலில் உங்க மஹிந்திரா தார் ஜீப் அச்சு வரைக்கும் புதைஞ்சதா எழுதியிருந்தீங்க, அதுக்கு வண்டியைக் குறை சொல்லாதீங்க. டயர்ல வச்சிருந்ததா நீங்க எழுதின 32 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) காத்துதான் காரணம். அந்தக் காத்தோட மணலில் இறங்கினா டயர் கத்தி மாதிரி வெட்டிட்டுப் போகும். நாலையும் 16–18க்கு இறக்குங்க. டயர் நீளவாக்கில் படிஞ்சு மணல் மேல நிக்கும். ஆனா வேகமா வளைச்சா ரிம்மை விட்டுக் கழன்றுடும்.

4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் வேக கியர்) போட்டு, இஎஸ்பியை (சறுக்கினா சக்கரத்தோட வேகத்தைத் தானா குறைக்கும் வசதி) அணைச்சு, ஒரே சீரா ஓட்டுங்க. புதைஞ்சா ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க, குழிதான் ஆழமாகும். சக்கரத்துக்குப் பின்னால சரிவாத் தோண்டி, வந்த தடத்திலேயே 4எல்லில் (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கும் கியர்) ரிவர்ஸ் எடுங்க. ஜாக்கி அடியில் ஒன்றரை அடிச் சதுர பிளைவுட் வைக்கணும், இல்லன்னா வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். டயருக்குத் திரும்பக் காத்தடிக்கிற பெரிய கம்ப்ரசரை லைட்டர் சாக்கெட்டில் மாட்டினா ஃபியூஸ் போகும். பேட்டரியில் கிளிப் போடுங்க.

இனி அடுத்த மாசம் நீங்க போற தீவுப் பயணம், ராத்திரி எங்க தங்குறதுன்னு. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா, கூடாரம் நடக்காது. தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை தார் ரோடுதான், ராத்திரி தங்க விடமாட்டாங்க. அதனால ராமேஸ்வரம் ஊருக்குள்ள அனுமதி உள்ள இடமாப் பாருங்க. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நீங்க நாலு பேர், ரெண்டு நாளுக்கு 20 லிட்டர் கேன் ரெண்டு.

திரும்பின அன்னைக்கே சேசிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) ஓட்டைக்குள்ள தண்ணி பைப்பை விட்டு, தண்ணி மணலில்லாமத் தெளிஞ்சு வர்ற வரை கழுவுங்க.